பழைய பாடத்தில் ஒரு திருத்தம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள். பக்கத்தில் பிஸ்கட் மட்டும் வேண்டாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு கல்யாணம். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவளின் மகளுக்குத்தான். பந்தியில் என் எதிர் வரிசையில் பழைய மாணவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குக் கணக்குப் பார்க்கிறான். அவள் வங்கியில் வேலை செய்கிறாள். இருவருக்கும் 45 வயது தாண்டிவிட்டது. இலை போட்டதுமே சண்டை ஆரம்பம்.

அவன் போனை எடுத்துக் காட்டினான். சாப்பிடுவதையெல்லாம் அதில் ஏற்றுகிறானாம், அது கலோரி சொல்கிறதாம். "எதைத் தின்னாலும் கணக்குக்குள்ள தின்னா வெயிட் ஏறாது டீச்சர். பிரியாணியும் தின்னலாம், ஜாங்கிரியும் தின்னலாம்" என்றான்.

அவள் விடவில்லை. "கணக்கெல்லாம் சும்மா டீச்சர். அரிசி, சர்க்கரை, மைதா மூணையும் விட்டாப் போதும். கம்பு, ராகி, நட்ஸ் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாது. எதைச் சாப்பிடறோம்கறதுதான் முக்கியம்."

"டீச்சர், நீங்களே சொல்லுங்க, யாரு சொல்றது கரெக்ட்டு?" என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

ரசம் வந்தபோது அவன், "போதும்பா, வயிறு ஃபுல்லு" என்றான். இலையில் பாதிச் சோறு இருந்தது. இலையை மடிக்கக் கை வைத்தவன், சட்டென்று என்னைப் பார்த்தான். மறுபடி பிரித்து, மீதியிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தான். "டீச்சர் எதிர்ல உக்காந்துனு இலைல சோறு வெக்க முடியுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து 1984-ல் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். எம்.ஜி.ஆர் 1982-ல் கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் அப்போது புதிது. மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களின் பிள்ளைகள், கம்பெனியில் தற்காலிக வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் ஒன்றிரண்டு பிள்ளைகள் மயங்கி விழாமல் இருந்தால் அதிசயம். தண்ணீர் தெளித்து எழுப்பி "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் பதில் வராது. மதியம் சோறும் சாம்பாரும் வரும்போது நான் கையில் ஸ்கேலோடு வரிசையில் நடப்பேன். "தட்டுல ஒரு பருக்கை இருக்கக் கூடாது. மீதி வெச்சவங்க வெளிய போக முடியாது." நீங்கள் எல்லோரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

அன்றைக்கு அது சரியான பாடம். ஒரு குழந்தைக்கு 100 கிராம் அரிசி, ஏறக்குறைய 350 கலோரி. சில பிள்ளைகளுக்கு அந்த நாளின் பெரிய சாப்பாடே அதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இப்போது 47 வயது, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், தொப்பை மேஜையை இடிக்கிறது. வயிறு போதும் என்கிறது. டீச்சர் குரல் 'முடி' என்கிறது. டீச்சர் குரல்தான் ஜெயிக்கிறது. இது என்னைச் சுட்டது.

அதனால் பந்தியில் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். படித்ததை வைத்து மட்டும் எழுதவில்லை. என் வீட்டிலேயே பட்டதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் கணக்குக்காரன் பக்கம். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. உடம்பு செலவழிப்பதைவிட அதிகமாக உள்ளே போனால், அது எவ்வளவு உயர்ந்த உணவாக இருந்தாலும் மிச்சம் கொழுப்பாகச் சேரும். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹாப் என்று ஒரு ஊட்டச்சத்துப் பேராசிரியர். 2010-ல் பத்து வாரம் கிரீம் கேக், பிஸ்கட் மாதிரிப் பாக்கெட் தின்பண்டங்களையே பெரும்பாலும் சாப்பிட்டார். ஆனால் ஒரு நாளைக்கு 1,800 கலோரிக்குள். ஏறக்குறைய 12 கிலோ குறைந்தார். இதை யாரும் பின்பற்றச் சொல்லி அவர் செய்யவில்லை. எடை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் அளவுதான் பேசுகிறது என்று காட்டினார்.

நம் ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செய்தால் ஒரு நாளைக்கு 2,110 கலோரி போதும். நடுத்தர உழைப்புக்கு 2,710. கடும் உழைப்புக்கு 3,470. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. இப்போது கழித்துப் பாருங்கள், கணக்கு வகுப்பு மாதிரியே. 3,470-ல் 2,110 போனால் 1,360. அதைச் சோறாக மாற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோ.

அதாவது மூட்டை தூக்கிய மனிதர் நாற்காலிக்கு வந்தால், நாளைக்கு ஒரு கிலோ சோறு அளவுக்குச் சாப்பாடு குறைய வேண்டும். எந்த வீட்டில் குறைகிறது? தட்டு அதேதான். கரண்டி அதேதான்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் வார்ப்பட வேலை செய்தவர். உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து மலை மாதிரிச் சோறு சாப்பிடுவார். உடம்பில் ஒட்டாது, 62 கிலோதான். 2012-ல் ஓய்வு பெற்றார். நான் பரிமாறும் அளவு மாறவில்லை. "வேணாம்" என்று அவர் கை காட்டினாலும், "ஒரு கரண்டிதானே" என்று போடுவேன். எனக்குத் தெரிந்த அன்பு அதுதான். நாலு வருஷத்தில் 79 கிலோ ஆனார். சர்க்கரை வந்தது. 2017-ல் நெஞ்சு வலி, ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான், 'அந்தக் கரண்டி என் கையில்தானே இருந்தது.'

வீட்டுக்கு வந்ததும் மகள் பெங்களூரிலிருந்து வந்து அளவு போட்டுக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு 1,500 கலோரி. எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், கணக்கு தாண்டக் கூடாது. அவர் தனக்குப் பிடித்ததை விடவில்லை. காலையில் பிரட் ஜாம், சாயங்காலம் டீயோடு பிஸ்கட், அதனால் ராத்திரிக்கு மிஞ்சியது ஒரு கைப்பிடிச் சோறுதான். இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மனிதர் சிடுசிடு என்றே இருந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து சமையலறையில் டப்பாவைத் திறப்பார். "நடந்துட்டு வரேன்" என்று தேரடிப் பக்கம் போவார். டீக்கடையில் இரண்டு வடை முடிந்திருக்கும், சட்டையில் எண்ணெய் வாசனை காட்டிக்கொடுக்கும். நாலாவது மாதம் பழைய எடையே திரும்பிவிட்டது. கணக்கில் தப்பில்லை. பசியோடு ஒரு மனிதன் எத்தனை நாள் கணக்குப் போடுவான்?

இப்போது வங்கிக்காரி பக்கம். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. நல்ல உணவு என்றால் அளவு பார்க்க வேண்டாம் என்று நம்பினேன். அரிசிக்குப் பதில் கம்பு, ராகி. சர்க்கரைக்குப் பதில் தேனும் பேரீச்சையும். ரீஃபைண்ட் எண்ணெய்க்குப் பதில் செக்கு எண்ணெய். சாயங்காலம் ஒரு கிண்ணம் வேர்க்கடலை. ஆறு மாதத்தில் எனக்கே மூன்று கிலோ ஏறியது.

பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். அரிசியோ, கோதுமை மாவோ, கம்போ, ராகியோ, சமைக்காத 100 கிராமில் எல்லாமே 320-லிருந்து 360 கலோரிக்குள்தான் நிற்கின்றன. வேர்க்கடலை 100 கிராம் 550-ஐ ஒட்டி வருகிறது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். சப்பாத்திக்கு மாறியதால் இளைத்துவிடுவோம் என்று ஆறு சப்பாத்தி சாப்பிடும் உறவுக்காரர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சென்னையில் உள்ள டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் 1,21,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள். வெள்ளை அரிசியை விட்டுவிட்டு அதே அளவுக்கு அரைத்த கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதத்தை வைத்தால்தான் ஆபத்து குறைவு. அதே ஆய்வின் 2023 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஒரு பந்தி வரிசையில் ஏழு பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவர்.

அப்படியானால் இருவரும் தப்பா? இல்லை. இருவரிடமும் பாதிப் பாதி இருக்கிறது. அந்த இரண்டு பாதியையும் சேர்க்கும் ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 2019-ல் வெளியிட்டது. 20 பேரை ஒரு மாதம் ஆய்வு மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். "வேண்டிய அளவு சாப்பிடுங்கள், வேண்டாததை விட்டுவிடுங்கள்" என்றார்கள். பாக்கெட் உணவு வாரங்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் 0.9 கிலோ குறைந்தார்கள். அவர்களை யாரும் கணக்குப் போடச் சொல்லவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2018-ல் வந்த ஆய்வும் இதையே ஒட்டி வருகிறது (நம்ம ஸ்டான்லி இல்லை பிள்ளைகளா, அமெரிக்காவில் இருப்பது). 609 பேர், ஒரு வருஷம். பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள், பாதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். இரு பக்கமும் காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் கம்மி, வீட்டில் சமைத்தது. கலோரி எண்ணவில்லை. முடிவில் இரண்டு பக்கமும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ குறைந்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு இதுதான். எடை ஏறுவதும் இறங்குவதும் அளவால். அந்த அளவோடு வயிறு அமைதியாக இருக்குமா, இல்லை பதினோரு மணிக்கு டப்பாவைத் திறக்க வைக்குமா என்பது நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதால். கேள்வியே 'அளவா, தேர்வா' என்று இருக்கக் கூடாது. நல்ல தேர்வு இருந்தால்தான் அளவு நிற்கும். அளவு இல்லாமல் நல்ல தேர்வு மட்டும் இருந்தால் என்னை மாதிரி மூன்று கிலோ ஏறும்.

சத்துணவுத் திட்டமே இந்தப் பாதையில்தான் வந்திருக்கிறது. முதலில் சோறும் சாம்பாரும், வயிறு நிறைந்தால் போதும். 1989-ல் முட்டை சேர்ந்தது. 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. பயறும் கொண்டைக்கடலையும் வந்தன. அரசாங்கமே அளவிலிருந்து தேர்வுக்கு நகர்ந்துவிட்டது. என் பாடம்தான் 1984-லேயே நின்றுவிட்டது.

மூன்றாவது தடவை நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தட்டில் முதலில் கீரையோ பொரியலோ, பாதித் தட்டு. அடுத்து மீன் குழம்பில் இரண்டு துண்டு மீன், இல்லையென்றால் கெட்டிப் பருப்பு, முட்டை. கடைசியாகச் சோறு, ஒரு கரண்டி. மறுபடி வேண்டுமானால் பத்து நிமிஷம் கழித்துக் கேட்கலாம். பெரும்பாலும் கேட்கமாட்டார். சாயங்காலம் பிஸ்கட், பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் ஒரு கப். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 160 கலோரிதான், ராத்திரி வரை வயிறு சத்தம் போடாது. டீயில் சர்க்கரை நின்றது. பதினான்கு மாதத்தில் 79-லிருந்து 70-க்கு வந்தார். நாலு வருஷமாக 70, 71 என்று நிற்கிறது. நானும் ஏற்றிய மூன்று கிலோவை இறக்கிவிட்டேன்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 'தேர்வு' என்பது எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இல்லை. நம் பக்கம் ரேஷனில் அரிசி இலவசம், 2011-லிருந்து. பாமாயில் லிட்டர் 25 ரூபாய். காய்கறியும் பழமும் ரேஷனில் இல்லை. எண்ணூர்ப் பக்கம் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவனுக்கு இரண்டு மணிக்குக் கிடைப்பது டீயும் பன்னும்தான். ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், 200 கலோரி. வயிறும் நிறையாது, கணக்கிலும் வராது. அதனால் குண்டாக இருப்பவரைப் பார்த்து "வாயைக் கட்ட முடியலையா?" என்று கேட்பதை நிறுத்துவோம். பாதாம், ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் என்று அறிவுரை சொல்வதையும் நிறுத்துவோம்.

நம் பையில் இருக்கிற காசுக்குள் நல்ல தேர்வு இருக்கிறது. அதே ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். அதைத் தண்ணீர் சாம்பாராக இல்லாமல் கெட்டியாக வையுங்கள். காசிமேட்டில் வஞ்சிரத்தைப் பார்த்து ஏங்க வேண்டாம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போதும், குழம்பாக, பொரிக்காமல். முட்டை, முருங்கைக்கீரை, பயறு எல்லாமே நாம் பழகியவைதான். பீச் லைன் பக்கம் போய் அத்தோ சாப்பிடுவதையும் தடுக்கமாட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு தட்டு. எனக்கும் பிடிக்கும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளை மீதி வைத்த இட்லி, அவர் மீதி வைத்த சோறு, பாத்திரத்தின் அடியில் இருக்கும் பொரியல், எல்லாவற்றையும் "வீணாகுதே" என்று நாம்தான் வாயில் போட்டுக்கொள்கிறோம். வேண்டாத சோறு குப்பைக்கூடைக்குப் போகாமல் நம் இடுப்புக்குப் போனால் அது மிச்சம் பிடித்ததாகுமா? இடுப்பை ஒரு தடவை இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்கள். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. அதற்கு மேல் இருந்தால் எடை மிஷின் என்ன சொன்னாலும் கவனிக்க வேண்டும். நம் இந்திய உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் உடம்பு.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். டாக்டரிடம் கேட்டு, மருந்து அளவையும் பார்த்துக்கொண்டு குறையுங்கள்.

இப்போது திருத்தம். எழுதிக்கொள்ளுங்கள்.

'தட்டில் மீதி வைக்காதே' என்று சொன்னேன். அதை நான் அழிக்கவில்லை. சோற்றின் அருமை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு வரி சேர்க்கிறேன், நாற்பது வருஷம் முன்பே சேர்த்திருக்க வேண்டிய வரி: 'குறைவாகப் போட்டுக்கொள், வேண்டுமானால் மறுபடி கேள்.' பரிமாறுகிறவர்களுக்கு இன்னொரு வரி: 'வேண்டாம் என்று சொன்னவர் தட்டில் போடாதே.' இரண்டாவது வரி எனக்கு.

துறைமுகத்துப் பையா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அடுத்த கல்யாணத்தில் உன் எதிரில்தான் உட்காருவேன். வயிறு போதும் என்றால் இலையை மடித்துவிடு. டீச்சர் திட்டமாட்டேன். உன் போன் கணக்கையும் விடாதே, ஆனால் அதில் கொஞ்சம் சுண்டலையும் மீனையும் ஏற்று. வங்கிக்காரம்மா, உன் கம்பு ராகி நல்லதுதான், ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்.

உங்கள் வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கிறது? அளவு மாறியதா, தட்டு மாறியதா? கமென்ட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் வழக்கம்போலத் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவொற்றியூர்